விரிப்பின் மறுமுனை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எல்லாரும் அவளை ரசமட்டம் என்றே கூப்பிட்டார்கள். சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார் செங்கல்மேல் வைக்கிற கருவிதான் ரசமட்டம். படுக்கை விரிப்பை மடிக்கும்போது நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உட்கார்ந்தால்தான் அவள் கையை எடுப்பாள். அரை விரல் நழுவியிருந்தாலும் உதறிப் பிரித்து மறுபடி மடிப்பாள். அவள் வேலைக்கு வந்த மூன்றாவது வாரத்திலேயே, கொதிகலனைக் கவனித்துக்கொள்ளும் பாய்லர் அண்ணன் வைத்த பெயர் அது. அதன் பிறகு வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர் அவளுக்கே பாதி நாள் மறந்துபோனது.

கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. கூரையை ஒட்டிய நீளமான ஜன்னல் வழியாக, வெளியே நடந்து போகிறவர்களின் கணுக்கால்கள் மட்டும் தெரியும். ஆறு துவைக்கும் இயந்திரங்கள், நான்கு உலர்த்திகள், நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு சூடான உருளை. ஈரம் பாதி போன விரிப்பை உருளையின் ஒரு பக்கம் கொடுத்தால், மறுபக்கம் சுருக்கம் நீங்கி, கை பொறுக்கிற சூட்டில் வெளியே வரும். அங்கே இரண்டு பேர் நின்று பிடித்து மடிக்க வேண்டும். ஒருத்தி ரசமட்டம். இன்னொருத்தி நெட்டை.

நெட்டைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்துதான் உள்ளே வருவாள். மேல் அலமாரியில் எட்டாத துணிக்கட்டை எடுக்க எல்லாரும் அவளைத்தான் தேடுவார்கள். ரசமட்டம் அவள் தோளுக்கும் கீழே. இருவரும் சேர்ந்து நடந்து போனால் பாய்லர் அண்ணன், "பெரிய முள்ளும் சின்ன முள்ளும் கிளம்பிடுச்சு, மணி என்னன்னு பாருங்கப்பா" என்பார். பதினான்கு வருஷமாக அதே பேச்சு. பதினான்கு வருஷமும் யாராவது ஒருவர் சிரித்தார்கள்.

விரிப்பு உருளையிலிருந்து இறங்கியதும் ஆளுக்கு இரண்டு மூலை. ஒரு உதறு. நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடி ஒரு உதறு, இன்னொரு மடிப்பு. பிறகு நெட்டை நான்கு எட்டு வைத்து முன்னால் வந்து தன் பக்கத்து மூலைகளைத் தோழியின் கையில் கொடுப்பாள். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் பச்சைக் கரை, பிரசவப் பிரிவுக்கு நீலக் கரை. வார்டுகளில் இருக்கும் செவிலியர்கள் மடிப்பைப் பார்த்தே எந்த ஜோடியின் வேலை என்று சொல்லிவிடுவார்கள். ரசமட்டத்தின் அக்காவுக்கு அதில் பெருமை தாங்காது. வீட்டோடு அவள் வைத்திருந்த தையல் கடையில் துணி கொடுக்க வருகிறவர்களிடம்கூட, "என் தங்கச்சி மடிச்ச ஷீட்ட பிரிக்கவே மனசு வராதாம், நர்ஸுங்களே சொல்றாங்க" என்று ஆரம்பித்துவிடுவாள்.

அந்த அக்காவோடுதான் ரசமட்டம் ஒன்பது வருஷமாக இருந்தாள். கணவர் போன பிறகு வந்தவள்.

கணவர் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர். சிறுநீரகம் கெட்டுப் படுத்தார். அவர்கள் போய்க்கொண்டிருந்த சபையில் மூன்று நாள் உபவாசம் இருந்து அவருக்காக ஜெபித்தார்கள். நான்காம் நாள் அவர் தட்டில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். தானே மாடிப்படி ஏறினார். அந்த ஞாயிற்றுக்கிழமை ரசமட்டம் ஒரு தாளில் நான்கு வரி எழுதி, அக்கா முன்னால் இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டு, சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொன்னாள். ஆண்டவர் என் வீட்டுக்காரருக்குச் சுகம் கொடுத்துவிட்டார், அவருக்கு நன்றி என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். அதற்குப் பன்னிரண்டாம் நாள் அவர் இறந்துபோனார்.

விசுவாசத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கும் என்று ஓர் அம்மாள் சொன்னதாகக் காதில் விழுந்தது. அதைக்கூட அவள் தள்ளிவிட்டாள். தள்ள முடியாமல் நின்றது அந்த நான்கு வரி. ஒன்று, ஆண்டவரைப் பற்றி நாலு பேர் அறிய நான் பொய் சொல்லிவிட்டேன். இல்லையென்றால் அவர் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார். இரண்டில் எது என்று அவளால் முடிவு கட்ட முடியவில்லை. அன்றிலிருந்து ஆலயப் படி ஏறவில்லை. வாய் திறந்து ஒரு ஜெபமோ, சாப்பாட்டுக்கு ஒரு நன்றியோ சொல்லவில்லை. அக்கா சொல்லிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று கூடத்தில் ஒவ்வொருவராக வந்து ஆறுதல் சொன்னார்கள். நெட்டை வரவில்லை. அவள் உருளைக்கு அந்தப் பக்கம் நின்றபடி இரண்டு மூலையை நீட்டி, "இந்தா, பிடி" என்றாள். நாலாவது விரிப்பில் ரசமட்டம் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதபோதும் பக்கத்தில் வந்து முதுகைத் தடவவில்லை. தன் பக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை அடங்கியதும், "ஈரமாயிடுச்சு. இத மறுபடி உருளைல விடணும்" என்றாள். அன்று ரசமட்டம் வீட்டுக்குப் போய்ப் பட்டினி கிடக்காமல் சாப்பிட்டாள் என்றால், அந்த ஒரு வாக்கியத்தின் தயவுதான்.

நெட்டை ஒரு சிறிய சபைக்குப் போகிறவள். அதைப் பற்றித் தோழியிடம் ஒரு நாளும் பேசியதில்லை, வா என்று கூப்பிட்டதில்லை. மத்தியானம் டப்பாவைத் திறக்குமுன் கண்ணை மூடுவாள். ஏழு மூச்சு நேரம். ரசமட்டம் எண்ணியே வைத்திருந்தாள். அந்த ஏழு மூச்சும் தன் டப்பாவின் மூடியில் கை வைத்துக்கொண்டு திறக்காமல் காத்திருப்பாள். பக்தியினால் அல்ல, அவள் மரியாதை தெரிந்தவள். அதன் பிறகு ஒரு அவித்த முட்டை இரண்டாகும். வெள்ளை நெட்டைக்கு, மஞ்சள் இவளுக்கு.

ஆறு மாதமாக நெட்டைக்கு இடது கால் மரத்துப்போய்க்கொண்டிருந்தது. முதலில் செருப்பு கழன்று விழுவது தெரியவில்லை. பிறகு படியே தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து கைகழுவும் இடத்தில், குழாயை மூடிவிட்டுச் சொன்னாள்.

"வர்ற வியாழக்கிழமை முதுகுல ஆபரேஷன்."

"எங்க?"

"இங்கதான், மூணாவது மாடி. நாம மடிச்ச ஷீட்லதான் படுக்கணும். சுருக்கம் இருந்துச்சு, எழுந்து வந்து உன்னத்தான் கேப்பேன்."

"டாக்டர் என்ன சொல்றாரு, அதச் சொல்லு."

"நரம்புகிட்ட வேலையாம். நல்லபடியா முடிஞ்சா நடப்பேன். இல்லன்னா சக்கர நாற்காலி." துண்டில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "அப்புறம் உன் உயரத்துக்கு வந்துடுவேன், கவலப்படாத."

ரசமட்டத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் நெட்டை. "எனக்காக நீ ஒரு ஜெபம் பண்ணணும். மனசுக்குள்ள இல்ல. வாயால."

"உங்க சபையில அத்தன பேர் இருக்காங்களே."

"இருக்காங்க. பண்ணுவாங்க. ஆனா நீ ஒரு மூல நழுவினாலும் பிரிச்சு மடிக்கிறவ. வாயில வர்றதச் சும்மா சொல்லிட்டுப் போக மாட்ட. அதனாலதான் உன்னக் கேக்கறேன்."

பதினான்கு வருஷத்தில் நெட்டை தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். ரசமட்டம், "சரி" என்றாள். பேச்சை முடிக்கச் சொன்ன சரி. சொல்லும்போதே அது வெறும் வாய் வார்த்தை என்று அவளுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமையிலிருந்து நெட்டை விடுப்பு. அவள் இடத்துக்குக் கேன்டீனிலிருந்து ஓர் அக்காவை மாற்றி அனுப்பியிருந்தார்கள். நல்ல வாட்டசாட்டமான பெண். நெட்டை அளவு இல்லையென்றாலும் ரசமட்டத்தைவிட ஒரு தலை உயரம். முதல் விரிப்பிலேயே தகராறு. அந்தப் பக்கம் மேலே ஏறி, இந்தப் பக்கம் தொங்கி, மடிப்பு கோணலாக வந்து நின்றது. பிரித்து மடித்தார்கள். மறுபடி கோணல். தேநீர் இடைவேளைக்குள் நூறு முடிந்திருக்க வேண்டும். நாற்பத்திரண்டுதான் ஆகியிருந்தது. வண்டியில் அடுக்கி வைத்ததும் சாய்ந்து நின்றது.

"அக்கா, கொஞ்சம் நேரா பிடிங்களேன்," என்றாள் ரசமட்டம்.

"நேராத்தாங்க பிடிச்சிருக்கேன். இதுக்கு மேல எப்படி நேரா?"

கொதிகலன் அறை வாசலில் தேநீரோடு நின்றிருந்த பாய்லர் அண்ணன் வாய் விட்டார். "அந்தம்மா நேராத்தான்மா நிக்குது. நெட்டைதான் ஒரு நாளும் நேரா நின்னதில்ல."

"என்னண்ணே சொல்றீங்க?"

"நீ எதிர்ல நிக்கறவ. நடுவுல ஷீட்டு. உனக்கு அவ மூஞ்சி மட்டும்தான் தெரியும். நான் பக்கத்துலேருந்து பாக்கறவன்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நின்று காட்டினார். காலை அகட்டி, முட்டியை மடக்கி, முதுகை வளைத்து, கையை வயிற்றுக்கு நேரே தாழ்த்தி. "இப்படித்தான் நிப்பா. கேள்விக்குறி மாதிரி."

"எப்பலேருந்து?"

"நீ வேலைக்கு வந்த வாரத்துலேருந்து. ஒரு தடவ கேட்டேன், ஏம்மா இப்படி ஒடிஞ்சு நிக்கறேன்னு. 'அண்ணே, அவ கையைத் தூக்கித் தூக்கிப் பிடிச்சா தோள் விட்டுப்போகும், எனக்குக் குனியறது பழக்கம்தானே'ன்னா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கினா."

"ஏன் சொல்லக் கூடாதாம்?"

"சொன்னா அன்னையிலேருந்து நீ நுனிக்கால்ல நின்னு மடிப்பியாம்."

அவர் போய்விட்டார். ரசமட்டம் கையில் பச்சைக் கரையைப் பிடித்தபடி நின்றாள். பதினான்கு வருஷமாக விரிப்பின் மறுமுனையில் அவள் பார்த்த முகம் அவள் கண்ணுக்கு நேராகவே இருந்தது. வாசலில் குனிகிறவள், கூரை விளக்கைத் துடைக்கிறவள், இங்கே மட்டும் எப்படித் தன் கண்ணுக்கு நேராக வந்தாள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. மட்டம் பார்ப்பதில் பேர் வாங்கினவளுக்கு, அந்த மட்டம் எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை.

அன்று மாலை வீட்டில் அக்கா ஒரு வாடிக்கையாளரிடம் வழக்கமான பேச்சை ஆரம்பித்தபோது ரசமட்டம் குறுக்கே வந்தாள். "அக்கா, இனிமே அதச் சொல்லாத. அது என் கை மட்டும் இல்ல." அந்தப் பெண் போன பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா ஊசியில் நூல் கோக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அந்தப் பொண்ணு கேட்டத நீ செஞ்சிடணும்டி" என்று மட்டும் சொன்னாள்.

"வாய் வரலக்கா."

"வர வை."

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் முயன்று பார்த்தாள். ஆண்டவரே என்று தொடங்கினால், அதற்குப் பின்னால் அந்தப் பழைய நான்கு வரி வந்து நின்றது. சுகம் கொடுங்கள் என்று கேட்டு, அவர் கொடுக்காவிட்டால்? இன்னொரு முறை அதைத் தாங்க அவளால் முடியாது. கேட்காமலே இருந்துவிட்டால் அவரும் பொய்யாக மாட்டார், தானும் பொய்யாக மாட்டோம். ஒன்பது வருஷமாக அவள் கடைப்பிடித்த ஏற்பாடு இதுதான். அதை உடைக்கச் சொல்லித்தான் நெட்டை கேட்டிருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். கேன்டீன் அக்கா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏங்க, டப்பாவத் திறக்காம கையை வச்சிட்டே உக்காந்திருக்கீங்க. உடம்பு சரியில்லையா?"

அப்போதுதான் ரசமட்டத்துக்குத் தெரிந்தது, தான் ஏழு மூச்சு எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று. எதிரே கண் மூட ஆள் இல்லை. ஆனாலும் கை காத்திருந்தது. ஒன்பது வருஷமாகச் சாப்பாட்டுக்கு முன் இந்த ஏழு மூச்சு தவறியதே இல்லை. தான் ஜெபிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் இன்னொருத்தியின் ஜெபத்துக்குள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறாள். "ஒண்ணுமில்லக்கா, சாப்பிடுங்க" என்று மூடியைத் திறந்தாள்.

வியாழக்கிழமை காலை, வார்டுக்குத் துணி கொண்டு போகிறவரிடம் கேட்டு, பச்சைக் கரை விரிப்புகள் அடுக்கிய வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு சாமான் லிஃப்டில் மூன்றாவது மாடிக்கு ஏறினாள். பதினான்கு வருஷத்தில் அந்த மாடிக்கு அவள் போனதே இரண்டு தடவைதான். நெட்டை ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். பாதம் இரண்டும் கட்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. முதன்முறையாக அவளை மேலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. முகத்துக்கு நேரே வர, ரசமட்டம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"சுருக்கம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. கேன்டீன் மடிப்பா?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எது?"

"நீ எப்படி நின்னேன்னு."

நெட்டை கண்ணை மூடித் திறந்தாள். "அந்த பாய்லர் வாய்."

"என்னாலதானே உன் முதுகு இப்படி ஆச்சு?"

"எங்கப்பாவுக்கும் இதே எடத்துலதான். டாக்டர் கேட்டு எழுதிக்கிட்டாரு. எல்லாம் உன்னாலதான்னு நெனச்சுக்காத. உனக்கு அவ்வளவு பெருமை ஆகாது."

அது உண்மையா, இவள் மனசு நோகாமல் இருக்கச் சொன்னதா என்று இன்றுவரை தெரியாது.

"அத விடு," என்றாள் நெட்டை. "நான் கேட்டது?"

ரசமட்டம் கம்பியை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தாள். உருளைச் சூட்டில் காய்த்துப்போன கை. தன் கையும் அப்படித்தான். கண்ணை மூடினாள். ஏழு மூச்சுக்கு மேலேயே ஆயிற்று.

"ஆண்டவரே," என்றாள். "எனக்குப் பேசிப் பழக்கம் விட்டுப்போச்சு. போன தடவ நான் முந்திக்கிட்டு சொல்லிட்டேன். அதனால இன்னைக்கு என்ன நடக்கப்போகுதுன்னு நான் ஒண்ணும் சொல்லல. நடந்ததுக்கு மட்டும் நன்றி சொல்றேன். இவ எனக்கு எதிர்ல நின்னதுக்கு நன்றி. நான் அழுதப்ப ஒண்ணும் சொல்லாம ஷீட்ட பிடிச்சிட்டிருந்ததுக்கு நன்றி. தெனமும் அந்த மஞ்சக் கருவுக்கு நன்றி. குனிஞ்சதுக்கு..." அங்கே நின்றுபோனது. மறுபடி மூச்சை இழுத்தாள். "குனிஞ்சதுக்கு நன்றி. நீங்க எங்கயோ மேல இருந்துக்கிட்டு என்னைக் கைவிட்டுட்டீங்கன்னு கோவமா இருந்தேன். நீங்க எனக்காக எவ்வளவு தாழ எறங்கி வந்தீங்கன்னு சின்ன வயசுலேருந்து கேட்டிருக்கேன். கேட்டதோட சரி. இப்பதான் ஒருத்திகிட்ட பாத்தேன். எதிர்லயே இருந்திருக்கீங்க. நான் முகத்த மட்டும் பாத்துட்டு இருந்துட்டேன். ஆமென்."

நெட்டையின் கண்ணோரம் காது வரைக்கும் நனைந்திருந்தது. "ஏன்டி, சுகத்தக் கேக்கவே இல்லையே" என்றாள்.

"கேக்கணுமா?"

"ஆபரேஷனுக்குப் போறவகிட்ட கேக்கற கேள்வியா இது?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள் செவிலியர் ஆட்களோடு வந்துவிட்டார். கட்டில் நகர்ந்தது. ரசமட்டம் கையை விடாமல் கூடவே நடந்தாள். தாழ்வாரத்தின் முடிவில், இதற்கு மேல் வரக்கூடாது என்று செவிலியர் சொன்ன இடத்தில், அவள் அதைச் சொன்னாள். "ஆண்டவரே, இவள நடக்க வைங்க." கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டு, கிடைக்குமா என்று தெரியாமல், காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கினாள். பயம் போகவில்லை. ஆனால் பயந்துகொண்டே பேச முடிந்தது. அவளுக்கு அது புதிது.

ஐந்து மணி நேரம் ஆயிற்று. மறுநாள் இடது பெருவிரல் அசைந்தது என்று செய்தி வந்தது. இரண்டு மாதம் கழித்து நெட்டை கைத்தடியோடு கூடத்துக்கு வந்தாள். நெடுநேரம் நிற்கக் கூடாது, குனியவே கூடாது. கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். தடி இல்லாமல் நடப்பாளா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. மத்தியானம் முன்போலவே ஒரு முட்டை இரண்டாகிறது. கண் மூடுவது மட்டும் இப்போது இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் ரசமட்டம் அவளோடு அந்தச் சிறிய சபைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். சாட்சி சொல்ல விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று போதகர் சொல்லும்போது அவள் இதுவரை எழுந்ததில்லை. நெட்டையும் அவளை இடித்ததில்லை.

ஒன்று மட்டும் ஆபரேஷனுக்கு மறுநாளே நடந்தது. ரசமட்டம் கொதிகலன் அறைக்குப் போய்ப் பாய்லர் அண்ணனிடம் ஒரு பலகை கேட்டாள். அவர் இயந்திரம் வந்த மரப்பெட்டியை உடைத்து, ஒரு சாண் உயரத்துக்கு ஒரு மேடை அடித்து, ஓரமெல்லாம் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து வைத்தார்.

"இது எதுக்குங்க?" என்றாள் கேன்டீன் அக்கா.

"நான் ஏறி நிக்கறதுக்கு. நீங்க உங்க உயரத்துக்கு நில்லுங்கக்கா."

"சின்ன முள்ளு வளர்ந்துடுச்சுப்பா," என்றார் பாய்லர் அண்ணன்.

ரசமட்டம் மேடைமேல் ஏறி நின்றாள். உருளையிலிருந்து விரிப்பு இறங்கியது. ஆளுக்கு இரண்டு மூலை பிடித்தார்கள். எதிரே இருந்த முகம் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. அதோடு அவள் விட்டுவிடவில்லை. விரிப்பை ஒரு பக்கம் ஒதுக்கி, கீழே அந்தக் கால்கள் நேராக நிற்கின்றனவா என்று எட்டிப் பார்த்தாள். பிறகுதான் உதறினாள்.